ஜூன் மாதத்து வேர்

முர்காப் சந்தையில் ஒரு மூட்டை டெரெஸ்கென்
மூன்று நாள் சூடு.
வாங்குகிறவர் யாரும் குச்சியைப் பார்ப்பதில்லை,
வேரைத்தான் தூக்கிப் பார்ப்பார்.
மேலே முழங்காலைத் தொடாத செடி,
கீழே என் முன்கைத் தடிமன்.

நிலக்கரி லாரி வராமல் போன வருடம்
குந்தாலி பிடித்தேன்.
அதற்கு முன் ஓஷ் சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவன்.

கோரோகிலிருந்து வந்தாள் நிஸோராமோ.
மாதம் ஒரே ஒரு வேர் வேண்டும் என்றாள்,
மூட்டையின் விலைக்கு.
பேரம் பேசவில்லை நான்.

கழுவுவாள். நறுக்குவாள்.
வெட்டுவாயில் ஒரு சொட்டு அயோடின்.

அக்டோபரில் மை கொட்டியது போல் கருநீலம்.
"மாவுச்சத்து," என்றாள்,
"கோடை முழுக்க இலை சம்பாதித்துக் கீழே அனுப்பியது."
டிசம்பரிலும் நீலம்.
பிப்ரவரியில் கொஞ்சம் மங்கல்.
மைனஸ் நாற்பதில்
ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்கே செலவாகுமாம்.
அதை அவள் சொல்லித்தானா
எனக்குத் தெரிய வேண்டும்?

ஜூன். சரிவெல்லாம் சாம்பல்பச்சைத் துளிர்.
குளிர்காலம் தின்ற ஆடுகள்
வாயைத் திறந்துகொண்டே ஓடின.
அன்று தோண்டிய வேரில்
சொட்டு விழுந்து பழுப்பாகவே கிடந்தது,
டீக் கறை மாதிரி.

"கெட்டுப்போன வேரா?"
"இல்லை. இருந்ததையெல்லாம் மேலே கொடுத்துவிட்டது.
இன்னும் மூன்று வாரம் இப்படித்தான்.
இப்போது துளிரைக் கடித்துவிட்டால்
மறுபடி துளிர்க்கக் கையிருப்பு கிடையாது."
கத்தியைத் துடைத்தபடி சேர்த்துக்கொண்டாள்:
"கொல்ல நினைக்கிறவனுக்கும் இதுதான் நாள்."

பச்சையாய் இருக்கும்போதுதான் பஞ்சம்.
இது புரிய எனக்கு வீடு வரை நடக்க வேண்டியிருந்தது.
எங்களுக்கும் ஜூனில்தான்
மாவுச் சாக்கைக் கவிழ்த்து உதறுவது.
யாக் கன்று போட்டிருக்கும், பால் இருக்கும்,
வருகிறவர்கள் செழிப்பு என்பார்கள்.
சாபிர்பாயின் கடன் நோட்டில்
என் பெயர் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

மகள் உல்ஜான் பாட்டிலை எடுத்து
ரொட்டியில் ஒரு சொட்டு விட்டாள். கருநீலம்.
உருளைக்கிழங்கில். கருநீலம்.
தன் உள்ளங்கையில் விட்டாள். பழுப்பு.
"நான் காலி!" என்று சிரித்தாள்.
அவள் அம்மா சிரிக்கவில்லை.

அன்றிரவு அந்த ஜூன் வேரை அடுப்பில் போட்டேன்.
அக்டோபர் வேர் எரிந்தது போலவே எரிந்தது.
அதே சீறல், அதே நெடி,
கெட்டில் கொதிக்க அதே நேரம்.
தீக்குக் கட்டைதான் கணக்கு.
அடுத்த இலைக்கென்று
செடி இருட்டில் ஒளித்து வைத்த ஒரு பிடி மாவு
எங்களுக்குப் பெரிதாக எதற்கும் உதவவில்லை.
அதைத்தான் என்னால் தூங்கித் தள்ள முடியவில்லை.

இரண்டாம் வருடம் அவள் வேலை முடிந்தது.
பாதி பாட்டிலை விட்டுப் போனாள்.

ஜூனில் இப்போது தோண்டுவதில்லை.
சாண வறட்டி எரிக்கிறோம்.
புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு
மனைவி கேட்கிறாள்,
"அந்தச் செடி என்ன உனக்குச் சம்பந்தியா?"

அக்டோபரில் தோண்டுகிறேன்.
மறைக்க ஒன்றுமில்லை, குளிர் வருகிறது.
ஒவ்வொரு வேரையும் உள்ளே தள்ளும் முன்
வெட்டுவாயில் ஒரு சொட்டு.
நீலம்.
போடுகிறேன்.
நீலம்.
போடுகிறேன்.

பாட்டிலில் அடி தெரிகிறது.
சொட்டைச் சிறிதாக்கி வருகிறேன்.